வளைதடிப் பந்தாட்டத்தில் கோல்காப்பாளர் தெரிவு

வளைதடிப் பந்தாட்டத்தில் கோல்காப்பாளர் தெரிவு என்பது, ஹாக்கி எனப் பரவலாக அறியப்படும் வளைதடிப் பந்தாட்டத்திலும் அதன் உறவு விளையாட்டான பனி வளைதடியாட்டத்திலும், அணிகள் தமக்கான கோல்காப்பாளரை எப்போது, என்ன விலை கொடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பற்றிய நெடுநாளைய விவாதத்தைக் குறிக்கும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் இது புதுமுக வீரர் தெரிவின் முதற் சுற்றிலேயே ஒரு காப்பாளரை எடுக்கலாமா என்னும் கேள்வியாக எழுகிறது. இந்தியாவில் ஹாக்கி இந்தியா லீக்கின் ஏலத்தில், கையிருப்புத் தொகையில் எவ்வளவு பங்கைக் காப்பாளருக்கு ஒதுக்கலாம் என்னும் கேள்வியாக அதுவே உருமாறுகிறது. ஆட்டத்தில் மிக முக்கியமான இடம் கோல்காப்பாளருடையது என்பதை ஏறத்தாழ எல்லாப் பயிற்றுநர்களும் ஒப்புக்கொள்வர். அவ்வாறிருந்தும் தெரிவின்போது அவ்விடத்திற்கு முதலில் பணம் கொடுக்க அவர்களே தயங்குவர். இம்முரண்பாட்டின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

தெரிவு முறைகள்

தொழில்முறை அணிகள் வீரர்களைப் பெறுவதற்கு இரண்டு முறைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. முதலாவது வரிசைத் தெரிவு. இதில் அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து வீரர்களின் பெயரை அறிவிக்கும். ஓர் அணி ஒருவரைத் தெரிவு செய்துவிட்டால் அவரோடு ஒப்பந்தம் செய்யும் உரிமை அவ்வணிக்கு மட்டுமே உரியது. தேசிய ஹாக்கி லீக் 1963ஆம் ஆண்டு மொன்றியலில் இம்முறையைத் தொடங்கியது. பொதுவாக முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்வரிசை கிடைக்கும். தெரிவு செய்யப்படுவோர் பெரும்பாலும் பதினெட்டு வயதினர். தற்போது ஏழு சுற்றுகள், 32 அணிகள், ஆக 224 தெரிவுகள் உள்ளன.

இரண்டாவது ஏலம். துடுப்பாட்ட ரசிகர்கள் இந்தியப் பிரிமியர் லீக்கின் வாயிலாக நன்கறிந்த முறை இது. 2013இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் இம்முறையையே பின்பற்றுகிறது. ஏலத்தில் யார் எப்போது அழைக்கப்படுவார் என்பதை அமைப்பாளர்கள் முடிவு செய்வதால், 'முன்கூட்டியே எடுப்பது' என்பதற்கு அங்கே வேறு பொருள் உண்டு. பணப்பை நிறைந்திருக்கும்போது பெருந்தொகையை ஒருவர் மீது செலவிட்டுவிட்டால் பின்னர் வரும் தாக்குதல் வீரர்களுக்கோ தண்ட மூலை வல்லுநர்களுக்கோ போட்டியிட முடியாது. ஆக இரண்டு முறைகளிலும் விலை ஒன்றே. அதாவது, காப்பாளரை எடுத்ததனால் கைவிட்டுப்போன மற்றொரு வீரர்.

மற்றுமொரு வேறுபாடும் கவனத்திற்குரியது. வரிசைத் தெரிவில் வாங்கப்படுவது ஓர் இளைஞரின் எதிர்காலம். ஏலத்தில் வாங்கப்படுவதோ பெரும்பாலும் ஏற்கனவே ஒலிம்பிக்கு, உலகக் கோப்பை ஆகியவற்றில் ஆடிக் காட்டிய ஒருவரின் சில வார உழைப்பு. இவ்வேறுபாட்டை மறந்து ஒன்றின் பாடத்தை மற்றொன்றின் மீது ஏற்றுவதால்தான் இவ்விவாதம் அடிக்கடி குழம்புகிறது.

கோல்காப்பாளரின் பணி

தரை வளைதடியாட்டத்தில் கோல் கம்பம் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்டது. பனி வளைதடியாட்டத்தில் அது 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் மட்டுமே. பரப்பளவில் தரை ஆட்டத்தின் கோல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பெரிது. எனவே பனி ஆட்டத்தில் காப்பாளரின் உடலும் கவசமும் கோலின் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. தரை ஆட்டத்தில் காப்பாளர் கோணத்தைக் குறுக்கவும், முன்னோக்கிப் பாய்ந்து இடத்தை அடைக்கவும், தற்காப்பு வீரர்களைக் குரல் கொடுத்து நகர்த்தவும் வேண்டியுள்ளது.

தண்ட மூலை எனப்படும் பெனால்டி கார்னர் தரை ஆட்டத்திற்கே உரியது. இதனைத் தடுக்கக் காப்பாளர் உட்பட ஐவருக்கு மட்டுமே அனுமதி உண்டு. வல்லுநர் ஒருவர் மட்டையால் பந்தை இழுத்து வீசும்போது அது மணிக்கு 100 கிலோமீட்டரை மிஞ்சும் வேகத்தில் வரக்கூடும். ஆட்டம் சமநிலையில் முடிந்து வெற்றியாளரைத் தீர்மானிக்க வேண்டியிருப்பின் ஷூட் அவுட் நடைபெறும். 23 மீட்டர் கோட்டிலிருந்து தாக்குபவர் ஒருவர் பந்தோடு புறப்படுவார். எட்டு நொடிகளுக்குள் கோல் அடிக்க வேண்டும். எதிரே நிற்பவர் காப்பாளர் ஒருவரே. பெருந்தொடர்களின் இறுதிக் கட்டத்தில் கோப்பை யாருக்கு என்பது இந்த எட்டு நொடிகளில் முடிவாவது இன்று இயல்பாகிவிட்டது. 2024 பாரிசு ஒலிம்பிக்கின் ஆண்கள் இறுதியாட்டம் அவ்வாறே நெதர்லாந்துக்கும் செருமனிக்கும் இடையே ஷூட் அவுட் வரை சென்றது.

நம்மூர்ப் பள்ளி மைதானங்களில் காப்பாளர் தெரிவு எளிமையானது. கலசப்பாக்கமானாலும் ஆரணியானாலும், ஓட முடியாதவனையோ கடைசியாக வந்தவனையோ கோலில் நிறுத்துவதே சிறுவர் வழக்கம். கோவில்பட்டி போன்று ஹாக்கி வேரூன்றிய ஊர்களிலும் கனவுகள் முன்கள வீரர்களைச் சுற்றியே வளர்கின்றன. அண்மைக் காலத்தில் அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்று இந்திய அணிக்குச் சென்ற மாரீசுவரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் முன்கள வீரர்களே. கால்காப்பு, தலைக்கவசம், மார்புக் கவசம் என ஒரு முழுக் காப்பாளர் கவசத்தொகுதியின் விலை ஒரு மட்டையின் விலையைப்போலப் பன்மடங்கு என்பதும் இதற்கு ஒரு காரணம் ஆகும்.

வட அமெரிக்க அனுபவம்

தேசிய ஹாக்கி லீக்கின் வரிசைத் தெரிவில் ஒரு கோல்காப்பாளர் முதலாவது ஆளாக எடுக்கப்பட்டது மூன்று முறை மட்டுமே. 1968இல் மிஷெல் பிளாஸ், 2000இல் ரிக் டிபியெட்ரோ, 2003இல் மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி ஆகியோர் அம்மூவர். 2003க்குப் பின் 2025 வரை எந்த அணியும் இத்துணிவை மீண்டும் காட்டவில்லை.

டிபியெட்ரோவின் கதை இவ்விவாதத்தில் தவறாமல் இடம்பெறும். 2000ஆம் ஆண்டு முதல் தெரிவைக் கையில் வைத்திருந்த நியூயார்க் ஐலண்டர்சு அணியிடம் ஏற்கனவே ஓர் இளம் காப்பாளர் இருந்தார். 1997இல் நான்காவது ஆளாக எடுக்கப்பட்ட ராபர்ட்டோ லுவாங்கோ அவர். தெரிவு நாளன்று அவ்வணி லுவாங்கோவையும் முன்கள வீரர் ஒல்லி யோக்கினனையும் புளோரிடாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, டிபியெட்ரோவை முதலாவதாக எடுத்தது. அடுத்த இரண்டு இடங்களில் எடுக்கப்பட்ட டேனி ஹீட்லி, மரியான் காபொரிக் இருவரும் சிறந்த கோல் அடிப்பவர்களாக விளங்கினர். 2006இல் டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 6.75 கோடி டாலர் ஒப்பந்தம் வழங்கப்பட்டது. இடுப்பிலும் முழங்காலிலும் ஏற்பட்ட காயங்கள் அவரை முடக்கின. மொத்தம் 318 ஆட்டங்களோடு அவரது லீக் வாழ்க்கை முடிவுற்றது. 2013இல் ஐலண்டர்சு அணி ஒப்பந்தத்தை விலை கொடுத்து முடித்துக்கொண்டது. அதன்படி ஆண்டுக்கு 15 இலட்சம் டாலர் வீதம் 2029 வரை அவருக்குக் கொடுத்தாக வேண்டும். கைவிடப்பட்ட லுவாங்கோ 489 வெற்றிகளைப் பெற்று, 2022இல் புகழவையில் இடம்பெற்றார்.

அதே 2000ஆம் ஆண்டுத் தெரிவின் ஏழாவது சுற்றில், 205ஆவது ஆளாக, நியூயார்க் ரேஞ்சர்சு அணி சுவீடனைச் சேர்ந்த ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் என்பவரை எடுத்தது. அவரிடம் தாம் வைத்திருந்தது என்னவென்று ரேஞ்சர்சு அணிக்கே அப்போது தெரியாது எனலாம். ஏனெனில் 2004இல் அவ்வணி தனது ஆறாவது தெரிவைச் செலவிட்டு அல் மொன்டோயா என்ற மற்றொரு காப்பாளரை எடுத்தது. 2005இல் சுவீடனிலிருந்து வந்த லுண்ட்க்விஸ்ட் முதன்மைக் காப்பாளரானார். 459 வெற்றிகள் பெற்று 2023இல் புகழவை சேர்ந்தார். மொன்டோயா ரேஞ்சர்சு சட்டையில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆறாவது தெரிவு வீணாயிற்று. 205ஆவது தெரிவு 15 பருவங்களுக்கு அணியைத் தாங்கியது.

இதற்கு முன்னரே 1990இல் நிகழ்ந்த ஒன்றும் நினைவுகூரத்தக்கது. கால்கரி அணி, நியூ செர்சியுடன் இடம் மாற்றிக்கொண்டு 11ஆவது இடத்திற்கு முன்னேறி, ட்ரெவர் கிட் என்ற காப்பாளரை எடுத்தது. அம்மாற்றத்தில் 20ஆவது இடத்திற்கு இறங்கிய நியூ செர்சி அங்கே எடுத்தவரும் ஒரு காப்பாளரே. அவர் பெயர் மார்ட்டின் ப்ரோடர். மூன்று ஸ்டான்லி கோப்பைகளை வென்ற அவர் விட்டுச்சென்ற 691 வெற்றிகள், 125 கோலற்ற ஆட்டங்கள் என்ற சாதனைகள் இன்றும் முறியடிக்கப்படவில்லை. இந்நிகழ்வை 'காப்பாளரை முன்கூட்டியே எடுக்கக்கூடாது' என்பதற்குச் சான்றாகக் கூறுவோர் உளர். ஆனால் 20ஆவது இடமும் முதற் சுற்றுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இங்கே தவறியது நேரம் அன்று. இரண்டு இளைஞர்களில் எவர் சிறந்தவர் என்ற கணிப்பே தவறியது.

எதிர்ப்புறச் சான்றுகளும் உள்ளன. 2003இல் பிட்சுபர்க் அணி வரிசையில் முன்னேறிச் சென்று எடுத்த ஃப்ளூரி, அவ்வணி 2009, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்றபோது அதில் இருந்தார். 575 வெற்றிகளுடன் வரலாற்றில் ப்ரோடருக்கு அடுத்த இடத்தில் நின்று, 2025இல் ஓய்வு பெற்றார். 2005இல் ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்ட கேரி பிரைசு 2015இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார்.

2012ஆம் ஆண்டுத் தெரிவு இன்னும் சுவையானது. அவ்வாண்டு முதற் சுற்றில் இரண்டு காப்பாளர்கள் எடுக்கப்பட்டனர். 19ஆவதாக உருசியாவின் ஆந்திரே வசிலெவ்ஸ்கி, 24ஆவதாக மால்கம் சுப்பன். 83ஆவது இடத்தில் மேட் மரேயும், 130ஆவது இடத்தில் கானர் ஹெல்லபக்கும் எடுக்கப்பட்டனர். வசிலெவ்ஸ்கி 2020, 2021 ஆண்டுகளில் தம்பா பே அணிக்குக் கோப்பை பெற்றுத் தந்தார். மரே 2016, 2017 கோப்பைகளில் பிட்சுபர்க்கின் கோலில் நின்றார். ஹெல்லபக் சிறந்த காப்பாளருக்கான வெசினா விருதை 2020, 2024, 2025 என மும்முறையும், 2025இல் ஹார்ட் விருதையும் வென்றார். சுப்பன் எந்த அணியிலும் நிலையான முதன்மைக் காப்பாளராக இடம்பிடிக்கவில்லை. நால்வரில் மூவர் வெற்றி பெற்றதற்கும் அவர்கள் எடுக்கப்பட்ட வரிசைக்கும் எந்த ஒழுங்கும் தென்படவில்லை.

2016 முதல் 2025 வரை ஸ்டான்லி கோப்பை வென்ற அணிகளின் முதன்மைக் காப்பாளர்களைப் பார்ப்பின், மரே 83, பிரேடன் ஹோல்ட்பி 93, சோர்டன் பின்னிங்டன் 88, டார்சி கெம்பர் 161, ஏடின் ஹில் 76 என்ற எண்களே கிடைக்கின்றன. 2024, 2025 ஆண்டுகளில் புளோரிடாவுக்குக் கோப்பை பெற்றுத் தந்த செர்கேய் பொப்ரொவ்ஸ்கி எந்தத் தெரிவிலும் எடுக்கப்படாதவர். இப்பட்டியலில் முதற் சுற்றுக்காரர் வசிலெவ்ஸ்கி ஒருவரே. 2017இல் மரேயுடன் பணியைப் பகிர்ந்துகொண்ட ஃப்ளூரியையும் சேர்த்தால் இருவர்.

எனினும் இத்தகைய பட்டியல்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பின்வரிசையில் எடுக்கப்பட்டு வென்ற பெயர்களே நம் நினைவில் நிற்கின்றன. அதே சுற்றுகளில் எடுக்கப்பட்டு லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமல் மறைந்த நூற்றுக்கணக்கானோரின் பெயர்களை எவரும் பட்டியலிடுவதில்லை. காப்பாளர்களில் பெரும்பாலோர் பின்வரிசையிலேயே எடுக்கப்படுவதால், வெற்றி பெற்றவர்களிலும் பின்வரிசையினர் மிகுந்திருப்பது இயல்பே. பட்டியல் உண்மையில் காட்டுவது, பதினெட்டு வயதில் காப்பாளரைக் கணிப்பது கடினம் என்பதைத்தான். பின்வரிசைத் தெரிவு சிறந்தது என்று அது கூறவில்லை.

கணிப்பு ஏன் கடினம்

காப்பாளர்கள் பொதுவாகத் தாமதமாக முதிர்கின்றனர். விரைந்தோடும் முன்கள வீரரின் திறமை பதினெட்டு வயதிலேயே பெரிதும் வெளிப்பட்டுவிடும். காப்பாளரின் திறமையோ எதிராளியின் தோள், மட்டை, பார்வை ஆகியவற்றைப் படித்து முன்னுணர்வதில் உள்ளது. அது ஆயிரக்கணக்கான பந்துகளை எதிர்கொண்ட பின்னரே கைவரும். மேலும் ஓர் அணியில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடம். ஒரு முன்கள வீரர் நான்காம் வரிசையில் ஆடிப் படிப்படியாக முன்னேறலாம். காப்பாளருக்கு அத்தகைய படிகள் இல்லை. முதல்வர் காயமுற்றாலோ சோர்ந்தாலோதான் இரண்டாமவருக்கு வாய்ப்பு.

இதற்குமேல் புள்ளியியல் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. காப்பாளரை அளக்கப் பயன்படும் முதன்மை அளவு தடுப்பு விகிதம், அதாவது கோலை நோக்கி வந்த அடிகளில் அவர் தடுத்தவற்றின் பங்கு. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு காப்பாளர் ஒரு பருவத்தில் 60 ஆட்டங்கள் ஆடி, ஆட்டத்திற்கு 30 அடிகள் வீதம் 1800 அடிகளை எதிர்கொள்கிறார் எனக் கொள்வோம். 0.915 விகிதமுள்ளவருக்கும் 0.900 விகிதமுள்ளவருக்கும் இடையே பருவத்தில் 27 கோல்கள் வேறுபாடு வரும். ஏறத்தாழ ஆறு கோல்களுக்கு ஒரு வெற்றி என்ற நடைமுறைக் கணக்கின்படி இது நான்கைந்து வெற்றிகளுக்குச் சமம். மிகப் பெரிய மதிப்பு இது. காப்பாளரே முதன்மை என்போரின் வாதம் இவ்வாறே தொடங்குகிறது.

ஆனால் அதே 1800 அடிகளில், திறமையில் எவ்வித மாற்றமும் இன்றித் தற்செயலால் மட்டும் ஏற்படும் திட்ட விலக்கம் ஒருவருக்குச் சுமார் 12 கோல்கள். இருவரை ஒப்பிடும்போது அது சுமார் 17 ஆகிறது. அதாவது சமதிறமையுடைய இரு காப்பாளர்களிடையேகூட, நூற்றில் பத்துப் பதினோரு முறை ஒரே பருவத்தில் 27 கோல்களோ அதற்கு மேலோ வேறுபாடு தோன்றிவிடும். பெரிய லீக்கின் ஒரு முழுப் பருவத்திற்கே இந்நிலை என்றால், இளையோர் லீக்கில் சில பத்து ஆட்டங்களையும், அவரவர் அணித் தற்காப்பின் தரத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு பதினெட்டு வயதினரை மதிப்பிடுவது எவ்வளவு நடுக்கமானது என்பதை வாசகர் உணரலாம். இடத்தின் மதிப்பு மிகுதி, அதை முன்னறியும் ஆற்றல் குறைவு. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதே மேற்கூறிய முரண்பாட்டின் வேர்.

நியூயார்க் அணிகள் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட வழி, ஒரே காப்பாளர் மீது பெருந்தெரிவைச் செலவிடாமல் இடைச்சுற்றுகளில் ஒருவரையேனும் எடுத்து, ஐந்தாறு ஆண்டுகள் பொறுத்திருப்பது. 2014இல் ரேஞ்சர்சு 118ஆவதாக எடுத்த இகோர் செஸ்டெர்கினும், ஐலண்டர்சு 78ஆவதாக எடுத்த இலியா சொரோகினும் உருசியாவிலேயே வளர்ந்து, பின்னர் வந்து தத்தம் அணியின் முதன்மைக் காப்பாளராயினர். ஆயினும் 2019இல் இசுபென்சர் நைட் 13ஆவதாகவும், 2020இல் யாரொசுலாவ் அசுகாரொவ் 11ஆவதாகவும் எடுக்கப்பட்டமை, முதற் சுற்று ஆசை முற்றிலும் அடங்கிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஹாக்கி இந்தியா லீக்

ஹாக்கி இந்தியா லீக்கின் முதல் ஏலம் 2012 திசம்பரில் புது தில்லியில் நடைபெற்றது. இந்திய அணித்தலைவரும் நடுக்கள வீரருமான சர்தார் சிங் 78,000 டாலருக்குத் தில்லி அணியால் வாங்கப்பட்டார். பி. ஆர். ஸ்ரீஜேஷை மும்பை மெஜிசியன்சு அணி 38,000 டாலருக்கு வாங்கியது. 2013 தொடரை ராஞ்சி ரைனோசு அணி வென்றது. ஸ்ரீஜேஷ் கோலில் நின்ற மும்பை கடைசி இடம் பெற்றது. ஒரு நல்ல காப்பாளர் மட்டும் ஓர் அணியைத் தூக்கி நிறுத்திவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

2017க்குப் பின் நின்றுபோன லீக், 2024 திசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதற்கான ஏலம் 2024 அக்டோபரில் புது தில்லியில் நடந்தது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய் கையிருப்பு, 24 வீரர்கள், அவர்களுள் எட்டு வெளிநாட்டவர் என்பது வரையறை. மிக உயர்ந்த விலை, தண்ட மூலை வல்லுநரான இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கிடைத்தது. சூர்மா அணி அவருக்கு 78 இலட்சம் கொடுத்தது. வெளிநாட்டவரில் உயர்ந்த விலையான 68 இலட்சத்தை ஐதராபாத் தூஃபான்சு அணி கொன்சாலோ பெய்லாட்டுக்குக் கொடுத்தது. அவரும் தண்ட மூலை வல்லுநரே.

தமிழ்நாட்டின் பெயரில் களமிறங்கிய தமிழ்நாடு டிராகன்சு அணி, அயர்லாந்தின் டேவிட் ஹார்ட் என்ற காப்பாளருக்கு 32 இலட்சம் கொடுத்தது. பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பின் சிறந்த காப்பாளர் விருதை 2015, 2016 ஆண்டுகளில் பெற்றவர் அவர். ஐதராபாத் 27 இலட்சத்திற்குச் செருமனியின் சீன்-பால் டேன்பெர்க்கையும், இராட் பெங்கால் டைகர்சு 25 இலட்சத்திற்கு நெதர்லாந்தின் பிர்மின் பிளாக்கையும், சூர்மா 23 இலட்சத்திற்குப் பெல்சியத்தின் வின்சென்ட் வனாசையும் வாங்கின. இந்தியக் காப்பாளர் சூரஜ் கர்கேராவுக்கு 22 இலட்சம் கிடைத்தது.

இவ்விலைகளைக் கையிருப்பின் பங்காகப் பார்ப்பது பயனுடையது. ஹர்மன்பிரீத்துக்குச் சூர்மா தனது கையிருப்பில் 19.5 விழுக்காட்டைக் கொடுத்தது. ஹார்ட்டுக்குத் தமிழ்நாடு கொடுத்தது 8 விழுக்காடு. அதே தமிழ்நாடு அணி தண்ட மூலை அடிப்பவரான நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 இலட்சமும், தற்காப்பு வீரர் அமித் ரோகிதாசுக்கு 48 இலட்சமும் கொடுத்தது. தண்ட மூலையை அடிப்பவரின் விலைக்கும் அதைத் தடுப்பவரின் விலைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் தேவையும் அளிப்பும்தான். ஓர் அணிக்குக் காப்பாளர் இருவர் போதும். எட்டு அணிகளுக்குப் பதினாறு பேர். உலகத் தரமுள்ள காப்பாளர்களின் எண்ணிக்கை அதற்குக் குறையாததால் எவருக்காகவும் விலைப்போர் மூளுவதில்லை. உலகத் தரமான இழுவீச்சு வல்லுநர்கள் அவ்வளவு பேர் இல்லை. வெளிநாட்டுக் காப்பாளர் ஒருவரை எடுத்தால் எட்டு வெளிநாட்டு இடங்களில் ஒன்று குறையும் என்பதும் அணிகளின் கையைக் கட்டுகிறது.

முடிவு என்ன ஆயிற்று? 2025 பெப்ரவரி 1 அன்று உரூர்கேலாவில் நடந்த இறுதியாட்டத்தில் இராட் பெங்கால் டைகர்சு 4-3 என்ற கணக்கில் ஐதராபாத்தை வென்றது. பாரிசு ஒலிம்பிக்கு இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்ற பிளாக்கையும் டேன்பெர்க்கையும் ஏலத்தில் வாங்கிய அணிகளே இவை இரண்டும் என்பது சுவையான ஒற்றுமை. தமிழ்நாடு டிராகன்சு அரையிறுதியில் பெங்கால் அணியுடன் சமநிலை கண்டு, ஷூட் அவுட்டில் தோற்றது. பின்னர் மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் சூர்மாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றது. காப்பாளருக்குக் கூடுதலாகக் கொடுத்த அணி ஷூட் அவுட்டிலேயே வெளியேறியதை எள்ளி நகையாடியோர் உண்டு. அது நியாயமன்று. ஓர் அணி அத்தொடரின் குழு நிலையில் ஆடியது பத்து ஆட்டங்களே. ஆட்டத்திற்கு எட்டு அடிகள் வருவதாகக் கொண்டால் மொத்தம் 80. நான்கில் மூன்றைத் தடுக்கும் காப்பாளர் சராசரியாக 60 தடுப்பார். ஆனால் தற்செயலால் மட்டுமே அது 56ஆகவோ 64ஆகவோ மாறலாம். எழுபது விழுக்காட்டுக் காப்பாளரையும் எண்பது விழுக்காட்டுக் காப்பாளரையும் இத்தகைய ஒரு தொடரை மட்டும் வைத்துப் பிரித்தறிய இயலாது. ஏலத்தில் காப்பாளரை மதிப்பிடுவோர் அவரது பல்லாண்டுப் பன்னாட்டு ஆட்டங்களைப் பார்ப்பதே முறை.

ஸ்ரீஜேஷ்: ஒரு காப்பாளர் முதிரும் காலம்

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஜேஷ் 1988இல் பிறந்தவர். திருவனந்தபுரம் ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து ஆகியவற்றில் ஈடுபட்டிருந்தார். பயிற்றுநரின் அறிவுரையாலேயே கோல்காப்புப் பணிக்கு மாறினார். 2006இல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் முதுநிலை அணிக்கு வந்தாலும், அடுத்த சில ஆண்டுகள் ஏட்ரியன் டிசூசா, பரத் சேத்ரி ஆகியோரின் நிழலிலேயே கழிந்தன. 2014 ஆசிய விளையாட்டு இறுதியில் பாக்கித்தானுக்கு எதிரான ஷூட் அவுட்டில் தங்கம் பெற்றுத் தந்தபோது அவருக்கு வயது 26. தோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம் வென்றபோது 33, 36. பாரிசு காலிறுதியில் ரோகிதாசு வெளியேற்றப்பட்டபின் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா பிரித்தானியாவுடன் 1-1 எனச் சமன் செய்து, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது அவரது இறுதித் தொடரின் உச்சம் ஆகும்.

பதினெட்டு வயதில் ஒரு வரிசைத் தெரிவு நடந்திருந்தால் ஸ்ரீஜேஷ் எத்தனையாவது சுற்றில் எடுக்கப்பட்டிருப்பார் என்பது வாசகரின் ஊகத்திற்குரியது. மேலே கண்ட லுண்ட்க்விஸ்ட், ஹெல்லபக் ஆகியோரின் வரிசையிலேயே அவரும் இருந்திருப்பார் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்தியக் காப்பாளர்களுக்கு இதன் பொருள்

ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட அணியில் தோக்கியோவிலும் பாரிசிலும் இந்தியா ஒரே காப்பாளரை வைத்திருந்தது. இருமுறையும் கிரிஷன் பகதூர் பாட்டக் மாற்று வீரராகவே சென்றார். இரண்டாமிடத்துக் காப்பாளர் கடும் ஆட்ட அனுபவம் பெறுவதற்கு லீக்கே முதன்மையான களம். அங்கே அணிகள் வெளிநாட்டுக் காப்பாளர்களுக்குப் பணம் கொடுத்து அவர்களையே கோலில் நிறுத்தினால், அடுத்த தலைமுறை இந்தியக் காப்பாளர் வெளியில் அமர்ந்தே வளர வேண்டியிருக்கும். மறுபுறம், ஹார்ட்டையோ வனாசையோ அன்றாடம் பயிற்சியில் அருகிருந்து காணும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது என்று வாதிடுவோரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆட்டமின்றிப் பயிற்சி மட்டும் காப்பாளரை உருவாக்காது என்பதால் முதல் வாதமே வலுவானதாகத் தோன்றுகிறது.

தமிழ்நாடு டிராகன்சு அணியில் ஹார்ட்டுடன் இருந்த இளம் காப்பாளர் பிரின்ஸ்தீப் சிங். 2025 நவம்பர், திசம்பர் மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற இளையோர் உலகக் கோப்பையில் அவர் இந்தியாவின் கோலில் நின்றார். அவ்வணியின் பயிற்றுநர் ஸ்ரீஜேஷ். சென்னையில் நடந்த காலிறுதியில் பெல்சியத்துடன் 2-2 எனச் சமநிலை ஏற்பட்டு, ஷூட் அவுட்டில் இந்தியா 4-3 என வென்றது. பிரின்ஸ்தீப்பின் தடுப்புகளே அவ்வெற்றிக்கு வழிவகுத்தன. இந்தியா அர்கெந்தீனாவை 4-2 என வென்று வெண்கலம் பெற்றது. இறுதியாட்டமும் ஷூட் அவுட்டிலேயே முடிந்தது. செருமனி இசுப்பெயினை 3-2 என வென்றபோது, செருமானியக் காப்பாளர் யாசுப்பர் டிட்சர் அதன் நாயகனாக விளங்கினார்.